சம்மனை யார் கையில் கொடுப்பது?



என் மூத்த அக்காள் 31 வருஷம் தோட்டத்தில் உழைத்தவள். பால்மரம் வெட்டினாள். மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு உதிரிப் பழம் பொறுக்கினாள். வேலை நின்றதும் சேமநிதிப் பணத்தில் ஒரு மலிவு விலை வீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பின்பக்கம் ஒரு சமையற்கட்டு இறக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆயுசெல்லாம் லயத்துப் புகையில் வெந்தவளுக்கு இது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. ஒரு கட்டுமானக் கம்பெனியிடம் 4,600 வெள்ளி முன்பணம் கட்டினாள். இரண்டு லோரி மணல் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு ஆளும் வரவில்லை, கல்லும் வரவில்லை. மணலில் கோழி குளித்ததுதான் மிச்சம்.

அக்காள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்கு, தனி ஆள் ஒருவர் வக்கீல் வைக்காமல் தாமே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வழக்குப் போட வழி இருக்கிறது. சிறு கோரிக்கை வழக்கு என்பார்கள். போராங் 198 என்ற படிவத்தில் எழுதிக் கொடுத்தாள். கோர்ட்டில் முத்திரை குத்தி, தேதி போட்டு, ஒரு பிரதியை அவள் கையிலேயே கொடுத்து, எதிர்த்தரப்பிடம் சேர்த்துவிட்டு, சேர்த்ததற்கு அத்தாட்சியோடு வரச் சொன்னார்கள்.

"கொடுத்துட்டா போச்சு, இதென்ன பெரிய காரியம்?" என்று மகனை மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொல்லி, பணம் கட்டிய கடைக்கே போனாள். அங்கே பெயிண்டு டின்களுக்கு நடுவில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். முதலாளி இல்லை. "வச்சிட்டுப் போங்க ஆன்ட்டி" என்றான். கையெழுத்துப் போடச் சொன்னாள். கோழி கீறியதுபோல் ஒரு கோடு இழுத்துக் கொடுத்தான். அக்காளுக்குத் திருப்தி. கேசு முடிந்துவிட்டதாகவே நினைத்துவிட்டாள்.

வழக்குத் தேதியன்று கம்பெனி தரப்பில் யாரும் வரவில்லை. வராவிட்டால் நமக்குத்தானே வெற்றி என்று இவள் சந்தோஷமாக நிற்கிறாள். அங்கே கேட்ட கேள்விகள் மூன்று. கையெழுத்துப் போட்டவர் யார்? கம்பெனியில் அவருக்கு என்ன வேலை? இந்த முகவரி கம்பெனியின் பதிவு பெற்ற அலுவலகமா? மூன்றுக்கும் அக்காளிடம் பதில் இல்லை. அடுத்த தேதி கொடுத்தார்கள். இரண்டாம் முறை போனால் கடையே பூட்டிக் கிடந்தது. அது வாடகைக்கு எடுத்த ஸ்டோர். அக்காள் மகன் இரும்புக் கதவுக்கு அடியில் பத்திரத்தைத் தள்ளிவிட்டு வந்தான். அதுவும் செல்லவில்லை. மூன்றாவது தேதி.

இதற்கெல்லாம் பஸ் செலவு யார் கொடுப்பது? பேரப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? நியாயம் முழுக்க நம் பக்கம் இருந்தும் வழக்கு நகரவில்லை. பணம் வாங்கியவன் வாதாடி ஜெயிக்கவில்லை, வாயைக்கூடத் திறக்கவில்லை. காகிதம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நம் சனங்களில் பலர் கோர்ட்டு விவகாரத்தில் தோற்பது வாதத்தில் அல்ல, இந்தக் காகிதம் சேர்க்கிற வேலையில்தான் என்பது என் எண்ணம். ஆகவே இன்று அதைப் பற்றியே எழுதுகிறேன். கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கம்பெனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். அதற்குப் பெயர் உண்டு, பதிவு எண் உண்டு, சொத்து உண்டு, கடன் உண்டு. வாங்குவதற்குக் கை மட்டும் இல்லை. நமக்கெல்லாம் ஐ.சி. இருப்பதுபோல் அதற்கு ஒரு பதிவு இருக்கிறது. அந்தப் பதிவில், ‘எனக்கு வரும் பத்திரங்களை இந்த இடத்தில் கொடுங்கள்’ என்று அது நாட்டுக்கே அறிவித்துவைத்த முகவரி ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் பதிவு பெற்ற அலுவலகம் என்று பெயர். அந்த முகவரியில் பத்திரத்தை விட்டுவிட்டு வரலாம், அல்லது அதே முகவரிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பலாம். அப்படிச் செய்தால் கம்பெனிக்குச் சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 2017 ஜனவரி 31 முதல் நடப்பில் இருக்கும் 2016-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது. அதற்கு முன்பிருந்த 1965-ஆம் வருஷத்துச் சட்டமும் இதைத்தான் சொன்னது. புதிதாக முளைத்த விதி அல்ல.

இதை வக்கீல்கள் ஏழைகளுக்காகத் தோண்டிவைத்த குழி என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். கம்பெனி முதலாளி வெளியூரில் இருப்பார், வெளிநாட்டில் இருப்பார், இரும்புக் கேட்டுக்குப் பின்னால் மூன்று நாய் வளர்ப்பார். அவர் முகத்தைப் பார்த்து அவர் கையிலேயே கொடுத்தால்தான் செல்லும் என்று சட்டம் சொல்லியிருந்தால், நம்மில் ஒருவராவது ஒரு சம்மனையாவது சேர்த்திருப்போமா? முதலாளி பார்த்தாரா, படித்தாரா என்று சட்டம் கேட்பதில்லை. சொன்ன இடத்தில் கொடுத்தாயா என்றுதான் கேட்கிறது. இது நமக்குச் சாதகமான விதி. நாம்தான் அதைப் பயன்படுத்தாமல் பெயிண்டு டின் பையனைத் தேடிப் போகிறோம்.

சரி, அந்த முகவரியை எங்கே கண்டுபிடிப்பது? சுருஹான்ஜாயா ஷரிக்காட் மலேசியா, சுருக்கமாக எஸ்.எஸ்.எம். என்ற பதிவு ஆணையம் இருக்கிறது. அங்கே கம்பெனியின் பெயரையோ பதிவு எண்ணையோ கொடுத்தால், சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு விவரத் தாளைக் கொடுக்கிறார்கள். கைப்பேசியிலேயே வாங்கலாம், உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிட வேலை. அந்தத் தாளில் இரண்டு முகவரிகள் இருக்கும். ஒன்று ‘அலாமாட் பெர்டாஃப்தார்’, அதுதான் பதிவு பெற்ற முகவரி. மற்றது ‘அலாமாட் பெர்னியாகாஆன்’, அதாவது வியாபாரம் நடக்கும் இடம். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்லது. பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. நமக்கு வேண்டியது முதலாவது.

அக்காள் விஷயத்தில் அது ஈப்போவில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. போய்ப் பார்த்தால் கட்டுமானக் கம்பெனியின் பெயரைக்கூடச் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. அது கம்பெனிச் செயலாளர் வேலையைத் தொழிலாகச் செய்கிறவர்களின் ஆப்பீஸ். அப்படிப்பட்ட ஓர் ஆப்பீஸ் எத்தனையோ கம்பெனிகளுக்குப் பதிவு முகவரியாக இருக்கும். கதவுக்குப் பக்கத்தில் பெயர்ப் பலகைகள் வரிசையாகத் தொங்கும். "இது கம்பெனியே இல்லையே, கணக்கு எழுதற இடமாட்டம் இருக்கே" என்று அக்காள் திகைத்துப்போனாள். அதுதான் இடம். அங்கே மேசையில் இருக்கும் பெண்பிள்ளைக்கு உங்கள் சமையற்கட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். சாப்பு அடித்து வாங்கிக்கொண்டால் கம்பெனி வாங்கிக்கொண்டதாக அர்த்தம்.

அந்தத் தாளில் பார்க்க வேண்டியது இன்னும் உண்டு. கம்பெனியின் முழுப் பெயர் எழுத்துக்கு எழுத்து என்ன, பதிவு எண் என்ன, கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பவை. கலைக்கப்பட்டு வருகிற கம்பெனி என்று இருந்தால் நேரே சம்மன் அனுப்பப் புறப்படாதீர்கள். கோர்ட்டு உத்தரவில் கலைக்கப்படும் கம்பெனிமேல் வழக்குத் தொடுக்கக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். அங்கே வக்கீலிடமோ சட்ட உதவி இலாகாவிலோ கேட்காமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது.

பெயர் விஷயத்தில் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை இருக்கிறது. நாம் தோட்டத்தைக் கூப்பிடும் பெயர் வேறு, பலகையில் இருக்கும் பெயர் வேறு, பதிவில் இருக்கும் சொந்தக்காரப் பெயர் வேறு. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, ஒரே தோட்டம் பத்துப் பேர் கைக்குப் போன கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலைப் பொழுதில் கத்ரி கம்பெனி மலேசியர் கைக்கு வந்தது. பெரட்டில் நின்றவர்களுக்கு மறுநாளும் அதே மண்டோர், அதே நிரை. 2007-ல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகியவை ஒன்றாக இணைந்தன. அந்தத் தோட்டத் தொழில் கம்பெனி 2024-ல் எஸ்.டி. கத்ரி என்று பெயர் மாற்றிக்கொண்டது. நம் வாயில் மட்டும் தாத்தா காலத்துப் பெயரே நிற்கிறது. பேச்சுக்கு அது அழகு, வழக்குக்கு உதவாது. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் அச்சடித்திருக்கும் பெயரையும் எண்ணையும் வைத்துத் தேடுங்கள். கம்பெனி தன் கடிதத்திலும் பில்லிலும் ரசீதிலும் தன் பெயரையும் பதிவு எண்ணையும் போட வேண்டும் என்பது சட்டம். எண் இல்லாத ரசீது கொடுத்துப் பணம் வாங்குகிறவனிடம் அப்போதே கேள்வி கேளுங்கள்.

இங்கே தோட்டத்து ஆப்பீஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பெனிமேல் கேசு என்றால் நம்மவர்கள் முதலில் போய் நிற்பது கிராணியார் மேசை முன்னால்தான். "கிராணி நம்மாளு, கொடுத்தா தொரகிட்ட சேர்த்துருவாரு" என்பார்கள். கிராணியார் நம்மாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சம்பளம் வாங்குவதும் அதே கம்பெனியில். கம்பெனிக்கு எதிரான பத்திரத்தைத் தாமாக வாங்கிக் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு மேலிடத்தில் பதில் சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து? "வச்சிட்டுப் போ, பாத்துக்கறேன்" என்பார். அது மேசை அறைக்குள் போகும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தோட்டத்து ஆப்பீஸ் என்பது வேலை நடக்கும் இடம். கம்பெனியின் பதிவு முகவரி கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருக்கலாம். மரியாதைக்கு ஒரு பிரதியைத் தோட்டத்து ஆப்பீஸிலும் கொடுங்கள், தடை இல்லை. அசல் போக வேண்டியது பதிவு முகவரிக்கு.

இதே காரியத்தைக் கம்பெனிகள் நமக்குச் செய்யும்போது எப்படிச் செய்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், பெயர், ஐ.சி. எண், வீட்டு எண் எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கும். ஆள் வந்து கொடுப்பார். நிலத்தை மீட்கும் வழக்கில் வாசற்கதவில் ஒட்டிச் சேர்ப்பதற்கும் விதி இடம் கொடுக்கிறது. ஒட்டியதைப் படம் எடுத்துச் சத்தியப் பத்திரமும் போட்டுவிடுவார்கள். நம் வீட்டில், "வாங்காதே, கையெழுத்துப் போடாதே, வாங்கலேன்னா கேசு இல்லே" என்று யாராவது ஒரு மாமா தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த மாமாவை நம்பி வீட்டை இழந்தவர்கள் உண்டு. வாங்க மறுப்பதால் வழக்கு நிற்காது, நாம் இல்லாமலே நடக்கும். அவர்கள் அவ்வளவு ஒழுங்காகச் செய்வதை நாமும் கற்றுக்கொண்டால் என்ன?

தபாலுக்கு வருவோம். கோர்ட்டு விதிகளில் இருப்பது ஏ.ஆர். ரிஜிஸ்தர் தபால். தபாலாபீஸில் ஏ.ஆர். வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வாங்கியவர் கையெழுத்துப் போட்ட அட்டை உங்களுக்குத் திரும்பி வரும். குரியரில் அனுப்புவது வேகம்தான். ஆனால் விதியில் எழுதியிருப்பது ரிஜிஸ்தர் தபால், அதை விட்டுவிட்டு வேறு வழியில் போய் அப்புறம் வாதாடிக்கொண்டிருப்பானேன்? வாட்சப்பில் அனுப்பினேன், நீல நிறத்தில் இரண்டு கோடு விழுந்தது என்று ஒரு தம்பி என்னிடம் பெருமையாகச் சொன்னார். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அது சேர்ந்த கணக்கில் வராது. நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதானால் உங்கள் பிரதியில் கம்பெனி சாப்பு, வாங்கியவர் பெயர், தேதி, நேரம் நான்கும் வாங்குங்கள். சாப்பு அடிக்க மறுத்தால் சண்டை போடாதீர்கள். வைத்துவிட்டு வந்து, எந்த நேரத்தில் யாரிடம் எந்த மாடியில் வைத்தீர்கள் என்பதை அன்றைக்கே எழுதிவைத்துக்கொண்டு, தபாலிலும் அனுப்பிவிடுங்கள். என்றைக்கு, எங்கே, எப்படிச் சேர்த்தோம் என்று சத்தியப் பத்திரம் எழுத வேண்டி வந்தால் அந்தக் குறிப்புதான் கைகொடுக்கும்.

எஸ்.எஸ்.எம். தாளை வழக்குப் போடும்போது ஒரு தடவையும், அனுப்பும்போது இன்னொரு தடவையும் பார்ப்பது நல்லது. கம்பெனிகள் பதிவு முகவரியை மாற்றும். ஆறு மாதத்துப் பழைய தாளை வைத்துக்கொண்டு அனுப்பினால், "நாங்க அங்கே இல்லையே" என்று பதில் வரும். புதிய தாள் கையில் இருந்தால், அனுப்பிய அன்று பதிவில் இருந்த முகவரி இதுதான் என்று காட்டிவிடலாம். சில வெள்ளிக்குக் கணக்குப் பார்த்து 4,600 வெள்ளியைக் கோட்டை விடக் கூடாது.

இவ்வளவு எதற்குச் சொல்கிறேன் என்றால், தவறாகச் சேர்த்த வழக்கில் தீர்ப்பு கிடைத்தாலும் அது நிலைக்காது. எதிர்த்தரப்பு வராததால் நமக்குத் தீர்ப்பு வரும். ஊரெல்லாம் சொல்லி ஒரு கோழியும் அடித்துச் சாப்பிட்டுவிடுவோம். பிறகு கம்பெனி வக்கீல் வந்து, எங்களுக்குப் பத்திரமே முறைப்படி வரவில்லை என்று சொல்லித் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பார். வரவில்லை என்பது நிரூபணமானால் தீர்ப்பு போய்விடும், திரும்பவும் முதலிலிருந்து. கம்பெனிக்கு அது வக்கீல் செலவு. நமக்கு அது ஆயுள்.

எல்லாக் கடையும் கம்பெனி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்றோ ‘பெர்ஹாட்’ என்றோ இருந்தால்தான் நான் மேலே சொன்னது பொருந்தும். ‘எண்டர்பிரைஸ்’, ‘டிரேடிங்’ என்று முடிகிற கடைகள் பெரும்பாலும் தனி ஆளின் வியாபாரம், அல்லது நாலு பேர் சேர்ந்த கூட்டு. இவற்றுக்கு 1956-ஆம் வருஷத்து வியாபாரப் பதிவுச் சட்டப்படி பதிவு உண்டு. அதையும் எஸ்.எஸ்.எம்.-இல் தேடலாம், சொந்தக்காரர் பெயர் வரும். தனி ஆள் வியாபாரம் என்றால் அந்த ஆளுக்கே சேர்க்க வேண்டும். கூட்டு என்றால் கூட்டாளிகளில் ஒருவருக்கோ, தலைமை வியாபார இடத்தில் நிர்வாகம் பார்க்கிறவருக்கோ கொடுக்கலாம். பழம் வெட்டவும் உரம் போடவும் ஆள் கொண்டுவரும் சின்னக் காண்ட்ராக்டர்கள் பலர் இந்த ரகம். பலகையைப் பார்த்துக் கம்பெனி என்று எழுதிக் கொடுத்துவிட்டால், இல்லாத ஓர் ஆள்மேல் வழக்குப் போட்டதாக முடியும்.

காண்ட்ராக்டர் என்றதும் சம்பளப் பாக்கி ஞாபகம் வருகிறது. சம்பளத்துக்கு நாம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. தொழிலாளர் இலாகாவில் மனுக் கொடுத்தால் 1955-ஆம் வருஷத்து வேலைச் சட்டப்படி அவர்களே விசாரிப்பார்கள், சம்மனும் அவர்களே அனுப்புவார்கள். ஆனால் முதலாளியின் பெயர், முகவரி என்று நாம் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தானே அனுப்புவார்கள்? "சீனன் காண்ட்ராக்டர், வெள்ளை நிற லோரி" என்று எழுதிக் கொடுத்தால் இலாகாக்காரர் எங்கே போய்த் தேடுவார்? அதோடு, காண்ட்ராக்டர் கொடுக்காமல் ஓடிவிட்டால் வேலை கொடுத்த பெரிய கம்பெனியையும் அச்சட்டத்தின் 33-ஆம் பிரிவில் கேட்க முடியும். மூன்று மாதச் சம்பளம் வரைதான், அதுவும் சம்பளம் சேர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் மனு போக வேண்டும். வேலையிலிருந்து அநியாயமாக நிறுத்திவிட்டார்கள் என்ற புகாருக்கு 60 நாள். முகவரி தேடுவதில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டால் சட்டம் காத்திருக்காது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் கதை இதேதான். அங்கே 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். அக்காள் வழக்கை அங்கேயே போட்டிருக்கலாம், எனக்குப் பிறகுதான் தோன்றியது. போராங் 1-ஐ எதிர்த்தரப்புக்கு நேரிலோ ஏ.ஆர். தபாலிலோ சேர்ப்பது அங்கும் நம் பொறுப்பு. சேர்ந்த 14 நாளுக்குள் அவர்கள் பதில் கொடுக்க வேண்டும். என்றைக்குச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால் 14 நாளை எந்தக் கிழமையிலிருந்து எண்ணுவது?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோர்ட்டு முகப்பில் படிவத்தை வாங்கும் ஊழியர், "எஸ்.எஸ்.எம். தாள் எங்கே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் அக்காள் இரண்டு தேதி அலைந்திருக்க மாட்டாள். வக்கீல் வேண்டாத வழக்கு என்று பெயர் வைத்துவிட்டு, வக்கீலுக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை வாதியே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று விட்டுவிடுவது எந்த ஊர் நியாயம்? முகவரி எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘கம்பெனியானால் பதிவு பெற்ற முகவரியை எழுதுக’ என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வைக்கலாம். முகப்பில் தமிழிலும் சீனத்திலும் ஒரு துண்டுத்தாள் வைக்கலாம். பெரிய செலவு இல்லை.

சங்கக் கிளைகளும் கோவில் கமிட்டிகளும் ஒரு காரியம் செய்யலாம். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு செய்ய ஆள் இருப்பதுபோல், கம்பெனிப் பதிவைத் தேடிப் பார்க்கவும் படிவம் எழுதவும் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பிள்ளையைப் பழக்கிவிடுங்கள். பள்ளிக்கூடம் முடித்து வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். ரசீதையும் சம்பளச் சீட்டையும் அடுப்புப் பற்றவைக்காமல் பெட்டியில் வைக்கும் பழக்கத்தைப் பெரியவர்கள் நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

அக்காள் கதையை முடித்துவிடுகிறேன். மூன்றாவது தேதிக்கு முன்னால், பதிவு முகவரிக்கு ஏ.ஆர். தபாலில் அனுப்பினோம். ஒன்பதாம் நாள் அட்டை திரும்பி வந்தது, அதில் ஈப்போ ஆப்பீஸின் சாப்பு பளிச்சென்று இருந்தது. கோர்ட்டில் அட்டையைக் காட்டினாள். அன்றைக்கும் கம்பெனி வரவில்லை. இந்தத் தடவை அது வராதது அவளுக்குச் சாதகமாகப் போய், தீர்ப்புக் கிடைத்தது. இரண்டு வாரம் கழித்து, அதுவரை தொலைபேசியை எடுக்காத முதலாளி தாமே கூப்பிட்டு, "அக்கா, நாமளே பேசி முடிச்சிருக்கலாமே" என்றாராம். பணம் நாலு தவணையாக வந்தது. நாலாவது தவணைக்கு மறுபடியும் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியிருந்தது. தீர்ப்பு வாங்கிய பிறகு பணத்தை வசூல் செய்வது எப்படி என்பதை வேறொரு வாரம் எழுதுகிறேன்.